கையொப்பமிட்ட மொழிபெயர்ப்பு முதற்பதிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பழைய புத்தகம் சேர்ப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. அவர்களிலும் மொழிபெயர்ப்பு நூல்களின் முதற்பதிப்புகளைக் கையொப்பத்தோடு தேடுபவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆயினும் என் அலுமாரியைப் பார்க்க வருபவர்களும், தகப்பனார் விட்டுப்போன புத்தகங்களைப் பெட்டியோடு கொண்டுவந்து காட்டுபவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த மறுமொழியைக் கீழே தந்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்புக்கு எப்படி ஐயா முதற்பதிப்பு இருக்கும்? முதற்பதிப்பு என்றால் மூலநூல்தானே?

ஒரு நூலுக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாக ஒரு முதற்பதிப்பு உண்டு. கார்சியா மார்க்கேஸின் பெரிய நாவல் 1967இல் புவனஸ் அயர்ஸ் நகரில் ஸ்பானிய மொழியில் வந்தது. 1970இல் கிரகரி ரபாஸாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு நியூயோர்க்கில் வந்தது. 2013இல் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்று ஞாலன் சுப்பிரமணியனும் சுகுமாரனும் மொழிபெயர்த்துக் காலச்சுவடு வெளியிட்டது. மூன்றுமே முதற்பதிப்புகள்தாம். ஆகவே ஒருவர் “என்னிடம் முதற்பதிப்பு இருக்கிறது” என்று சொன்னால், எந்த மொழியில், யாருடைய மொழிபெயர்ப்பில் என்று கேட்க வேண்டும். அதே நூலை இன்னொருவர் புதிதாக மொழிபெயர்த்தால் அதற்கும் தனியே ஒரு முதற்பதிப்பு பிறக்கிறது.

மூலத்துக்கு முன்னரே மொழிபெயர்ப்பு வந்துவிடுவதும் உண்டு. பஸ்தர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’ சோவியத் நாட்டில் அச்சேற முடியாமற் போனதால், 1957 நவம்பரில் மிலான் நகரில் இத்தாலிய மொழிபெயர்ப்பாகவே முதன்முதலில் வெளியானது; ருஷ்ய மூலம் மறு ஆண்டுதான் ஹேக் நகரில் நூலாக வந்தது. அந்த நூலைப் பொறுத்தவரை உலக முதற்பதிப்பே ஒரு மொழிபெயர்ப்பு.

கையிலிருக்கும் புத்தகம் முதற்பதிப்பா என்று எந்தப் பக்கத்தைப் பார்த்து அறிவது?

தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்தை. ஆங்கில நூல்களில் அங்கே ‘முதற்பதிப்பு’ என்ற சொல்லோ, 1 முதல் 10 வரையிலான எண் வரிசையோ இருக்கும். அந்த வரிசையிலுள்ள மிகச் சிறிய எண்ணே அச்சு முறையைக் காட்டுகிறது; 1 இருந்தால் முதல் அச்சு, 1உம் 2உம் நீக்கப்பட்டு 3 முதல் இருந்தால் மூன்றாம் அச்சு. சில பதிப்பகங்கள் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தமிழில் சிக்கல் வேறு. ஒரு சொல்கூட மாறாமல் மீண்டும் அச்சிட்டதையும் நம்மவர்கள் ‘இரண்டாம் பதிப்பு’ என்றே போடுவார்கள். இதைவிட மோசமானது, நாற்பது ஆண்டுக்கு முன்னர் ஒரு பதிப்பகம் வெளியிட்ட மொழிபெயர்ப்பை இன்னொரு பதிப்பகம் எடுத்து அச்சிட்டு, தன்னுடைய கணக்கில் ‘முதற்பதிப்பு’ என்று போட்டுவிடுவது. எனவே அந்த ஒரு வரியை மட்டும் நம்பாமல் மொழிபெயர்ப்பாளரின் முன்னுரையில் உள்ள திகதியையும் பார்க்க வேண்டும். முன்னுரை 1974 என்றும் பதிப்பு விபரம் 2009 என்றும் சொன்னால் இடையில் ஒரு புத்தகம் இருக்கிறது என்று பொருள். சர்வதேச நூல் எண்ணும் உதவும்: 2007 ஜனவரியிலிருந்துதான் அது முன்னே 978 சேர்ந்து 13 இலக்கமாயிற்று. இலங்கை நூல்கள் 955 என்ற எண்ணாலும், அண்மைக் காலத்தவை 624 என்ற எண்ணாலும் அடையாளம் காணப்படும். 1985ஆம் ஆண்டு நூல் என்று தரப்படும் ஒன்றில் 978இல் தொடங்கும் எண் இருந்தால் அது மறு அச்சேதான். ஈழத்து நூல்களுக்கு, 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் அதே நூலின் பழைய பிரதியை வருடி ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்து, இரண்டு மட்டைகளையும் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

வெளியீட்டு விழாவில் என் மாமா முதற்பிரதி வாங்கினவர். அதற்குத் தனிப் பெறுமதி உண்டா?

முதற்பிரதி வேறு, முதற்பதிப்பு வேறு. விழா மேடையில் முதலில் கையளிக்கப்படும் பிரதி என்பது மரியாதைக்கான முறை மட்டுமே. அச்சகத்திலிருந்து கட்டாக வந்தவற்றுள் அதுவும் ஒன்று. அதைத் தொடர்ந்து பெயர் வாசித்து வழங்கப்படும் சிறப்புப் பிரதிகளும், வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்து மேசையில் விற்கப்படுபவையும் எல்லாம் ஒன்றேதான். ஆனால் மாமாவின் பிரதியில் ‘முதற்பிரதி’ என்று எழுதி, பெயரும் திகதியும் இட்டு, மொழிபெயர்ப்பாளர் கையொப்பமும் வைத்திருந்தால் நிலைமை மாறிவிடும். அழைப்பிதழும் கிடைத்தால் அதையும் உள்ளே வைத்துவிடுங்கள். இருபது ஆண்டுகளின் பின்னர் அந்த மடித்த அட்டைதான் சாட்சி சொல்லும்.

கையொப்பம் மூல ஆசிரியருடையதாக இருக்க வேண்டுமா, மொழிபெயர்ப்பாளருடையதா?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு மறுமொழி சொல்வார்கள். சந்தை மூல ஆசிரியரின் பெயருக்கே விலை வைக்கிறது என்பதை மறுக்க முடியாது. எனினும் மொழிபெயர்ப்பு நூல்களைச் சேர்க்கிறேன் என்று சொல்பவர் மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்தைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் கையிலிருக்கும் நூலின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியவர் அவரே. மூல ஆசிரியருக்கு அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாதிருக்கலாம். தல்ஸ்தோயின் தமிழ்ப் பிரதியில் தல்ஸ்தோயிடம் கையொப்பம் வாங்க வழியில்லை, அவரைத் தமிழாக்கிய ரா. கிருஷ்ணையாவிடம் ஒரு காலத்தில் வழி இருந்தது.

வெளியுலகிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. மேலே சொன்ன மார்க்கேஸ் நாவலை அமெரிக்காவின் லிமிட்டெட் எடிஷன்ஸ் கிளப் 1982இல் படங்களோடு வெளியிட்டபோது, அதில் ரபாஸாவும் ஓவியரும் முன்னுரையாளரும் கையொப்பமிட்டார்கள், மார்க்கேஸ் கையொப்பமிடவில்லை. 2016 முதல் சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண் தொகை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்படுவதால், அதை வென்ற கீதாஞ்சலி ஸ்ரீயும் டெய்ஸி ராக்வெல்லும், அல்லது பானு முஷ்தாக்கும் தீபா பாஸ்தியும் இணைந்து ஒப்பமிட்ட பிரதிகளைத் தேடுபவர்களும் இப்போது இருக்கிறார்கள்.

இரண்டும் ஒருவரிடமே அமையும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: தாகூர். 1912இல் லண்டன் இந்தியா சொசைட்டி வெளியிட்ட ஆங்கில ‘கீதாஞ்சலி’ அவரே மொழிபெயர்த்தது. 750 பிரதிகள் அச்சாகி, 250 மட்டுமே விற்பனைக்கு வந்தன. கையொப்பத்தோடு அது கிடைக்கும் என்று கனவு காண்பதற்குப் பணம் தேவையில்லை, நானும் கண்டிருக்கிறேன்.

‘அன்புடன் இன்னாருக்கு’ என்று என் பெயரையும் எழுதிவிட்டார். பெறுமதி குறைந்துவிட்டதா?

விற்பவருடைய கண்ணுக்குக் குறைந்துதான் போகும். வெறும் கையொப்பம் உள்ள பிரதியை எவருக்கும் விற்கலாம். முன்பின் அறியாத ஒருவருடைய பெயர் எழுதப்பட்டதை வாங்கப் பலரும் தயங்குவார்கள். ஆனால் அந்தப் பெயர் நூலோடு தொடர்புடைய ஒருவருடையதாக இருந்தால் கதை தலைகீழாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் மூல ஆசிரியருக்குக் கொடுத்த பிரதி, மெய்ப்புப் பார்த்த நண்பருக்கு எழுதிக் கொடுத்த பிரதி ஆகியவைதான் சேகரிப்பின் உச்சம்.

என்னிடம் ஒரு பிரதியில், “மூன்றாம் அத்தியாயத்துச் சண்டைக்கு நன்றி” என்று மட்டும் எழுதி ஒப்பமிடப்பட்டிருக்கிறது. யாருக்கு என்று இல்லை. அந்த அத்தியாயத்தில் ஒரு சொல்லின் மேல் பென்சிலால் மூன்று மாற்றுச் சொற்கள் எழுதி மூன்றையும் யாரோ வெட்டியிருக்கிறார்கள். அதை 400 ரூபாவுக்கு வாங்கினேன்; என்ன விலைக்கும் கொடுக்க மாட்டேன்.

அப்பாவிடம் நிறைய மொஸ்கோப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு விலை போகுமா?

யாழ்ப்பாணத்து வீடுகளில் மொழிபெயர்ப்பு என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவை இவைதாம். முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகாவும் மொஸ்கோவிலேயே தமிழில் அச்சிட்டு, கடின மட்டையும் நல்ல தாளுமாக மிகக் குறைந்த விலைக்கு அனுப்பின. பூ. சோமசுந்தரத்தின் ‘உண்மை மனிதனின் கதை’, கிருஷ்ணையாவின் ‘புத்துயிர்ப்பு’, ‘வெண்ணிற இரவுகள்’ ஆகியவை பல வீடுகளில் இன்றும் உண்டு. பெருந்தொகையாக வந்தவை என்பதால் அரிய நூல்கள் என்று எல்லாவற்றையும் சொல்ல முடியாது. கட்டுக் குலையாமலும் படங்கள் கிழியாமலும் உள்ளவைக்கே கேள்வி அதிகம்.

கையொப்பமிட்டவை உண்மையாகவே அரிது. மொழிபெயர்ப்பாளர்களிற் பலர் மொஸ்கோவில் இருந்து பணிபுரிந்தார்கள், நூல்கள் கப்பலில் இங்கே வந்தன. ஒப்பமிடுபவரும் நூலும் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பதிப்பு விபரம் சில நூல்களில் இறுதி ஒற்றையில் ருஷ்ய எழுத்தில் இருக்கும் என்பதால், முதற் பக்கத்தில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அமெரிக்க மிசன் காலத்து மொழிபெயர்ப்புகளில் கையொப்பம் இருக்குமா?

இருந்தால் அது பெரும்பாலும் உரிமையாளருடையது. பீற்றர் பேர்சிவல் தலைமையில் ஆறுமுக நாவலர் உழைத்த விவிலிய மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சானது. நாவலர் அதில் எங்கும் ஒப்பமிட்டுக் கொடுத்திருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். மானிப்பாயில் மருத்துவர் கிறீனும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கிய மருத்துவ, இரசாயன நூல்கள் (1875இல் வந்த ‘கெமிஸ்தம்’ அவற்றுள் ஒன்று) இலக்கியம் அல்ல என்பதால் இந்தப் பக்கத்தின் எல்லைக்குள் வரமாட்டா. வந்தால் விடமாட்டேன் என்பது வேறு விடயம்.

கையெழுத்து உண்மையானதா, அச்சா, போலியா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால், குமிழ்முனைப் பேனா அழுத்திய பள்ளம் தெரியும். பக்கத்தின் மறுபுறத்தில் விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். அச்சிட்ட கையெழுத்து வழவழப்பாக இருக்கும், பூதக்கண்ணாடியில் பெரும்பாலும் புள்ளிகளாகப் பிரியும். மைப்பேனாவில் எழுதியது கோடு தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் மை தேங்கிக் கறுத்திருக்கும். காலமும் சாட்சி சொல்லும்: குமிழ்முனைப் பேனா கடைக்கு வந்தது 1945 அளவில்தான். 1930ஆம் ஆண்டுத் திகதியிட்ட கையொப்பம் அந்தப் பேனாவால் எழுதப்பட்டிருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. கையெழுத்தை மிக மெதுவாகப் பார்த்து வரைந்திருந்தால் கோடு நடுங்கும். ஆனால் வயோதிபரின் கையும் நடுங்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நான் ஏமாந்தது வேறு விதத்தில். வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் ‘கையொப்பமிட்ட முதற்பதிப்பு’ என்று ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வந்து பார்த்தபோது கையொப்பம் உண்மை, முதற்பதிப்பும் உண்மை. ஆனால் கையொப்பம் இருந்த ஒற்றை வேறொரு நூலிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. மற்ற ஒற்றைகள் பழுப்பேறியிருக்க இது மட்டும் வெளுத்திருந்தது. பதிப்பகமே தனித்தாளில் ஒப்பம் வாங்கிக் கட்டும்போது சேர்ப்பதும் உண்டு, அது குற்றமில்லை; அந்த ஒற்றை தையலோடு சேர்ந்து போகிறதா, ஓரத்தில் பசையால் மட்டும் நிற்கிறதா என்பதைப் படம் எடுத்து அனுப்பும்படி இப்போது முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்.

மேலுறை கிழிந்துவிட்டது, எறிந்துவிடட்டுமா?

எறியவே வேண்டாம். நூலகங்களைப் பார்த்து நாமும் மேலுறையைக் கழற்றிவிட்டு மண்ணிறத் தாளில் உறை போடப் பழகிவிட்டோம். ஆங்கில நூல்களில் விலையின் பெரும்பங்கு மேலுறையில்தான் இருக்கிறது. மேற்சொன்ன 1970ஆம் ஆண்டு ரபாஸா மொழிபெயர்ப்பில், முன்மடிப்பின் முதற் பந்தி ஆச்சரியக்குறியோடு முடிந்தால் அது முதல் வெளியீட்டு உறை. முற்றுப்புள்ளியோடு முடிந்தால் பிந்தியது. ஒரு குறி, அவ்வளவுதான் வித்தியாசம். கிழிந்த உறையை ஒட்டுநாடா போட்டு ஒட்டவும் வேண்டாம். சில ஆண்டுகளில் அந்தப் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும்.

கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான ஒரு மொழிபெயர்ப்புக் கவிதைத் தொகுப்பு கிடைத்தது. இது களவுப் பதிப்பா?

பெரும்பாலும் இல்லை. தொண்ணூறுகளில் தாளுக்குத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகளும் சிறுநூல்களும் கிடைத்த தாளில் எல்லாம் அச்சாயின. கொப்பித் தாளிலும் நிறத் தாளிலும் வந்தவை பல. மின்சாரமும் இல்லாத அந்த நாள்களில் ஒருவர் வேற்று மொழிக் கவிதையைத் தமிழாக்கி அச்சேற்றினார் என்றால், அந்தத் தாளே அந்த நூலின் காலக் கணிப்பு. இப்படியானவை குறைந்த பிரதிகளே வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவற்றிலும் எத்தனையோ வீட்டோடு போயின. பதிப்பு விபரம் இல்லாவிட்டாலும் வாங்குங்கள். மை பரவியிருக்கும் கையொப்பமும் இந்தத் தாளில் இயல்பானதே. மேலே சொன்ன அழுத்தப் பரிசோதனை இங்கே சரிவராது, தாள் மிக மெல்லியது.

கறையானுக்கும் இராமபாணத்துக்கும் என்ன செய்கிறீர்கள்?

அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, கால்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்திருக்கிறேன். மாரி தொடங்குமுன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் விசிறிப் பார்ப்பேன். வெயிலில் காய விட்டால் மை மங்கிவிடும். வேப்பிலையை நன்றாக உலர்த்தித் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைப்பது எங்கள் அம்மம்மா காலத்து வழக்கம். புத்தகத்துக்குள் இலையைச் செருகினால் கறைபடும். பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றுவதுதான் இந்தக் கடற்கரைக் காற்றில் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை. ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு நல்ல பிரதி கிடைத்தது, ஆனால் நூலக முத்திரை இருக்கிறது. வைத்திருக்கலாமா?

‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையும் இருந்தால் தயக்கமின்றி வைத்திருக்கலாம். இல்லாவிட்டால் அந்த நூலகத்திடம் கேட்க வேண்டும். 1981 யூன் முதலாம் நாளுக்கு முந்திய இரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 அளவிலான நூல்கள் அழிந்தன. அதன் பழைய முத்திரையோடு ஒரு நூல் எவர் வீட்டிலாவது தப்பியிருந்தால் அது சேகரிப்பாளருக்குரியது அல்ல. போர்க்காலத்தில் கைவிடப்பட்ட பாடசாலை நூலகங்களின் முத்திரை உள்ளவற்றையும் அந்தந்தப் பாடசாலைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஓர் இடத்தில் வாங்கி வைக்க ஆளில்லாமல் மூன்று முறை அலைந்தேன். அப்படியிருந்தும் இதில் வேறு மறுமொழி எனக்கு இல்லை.

தழுவல் நூல்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா?

சேர்ப்பேன், தனித் தட்டில். 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’ ஐரோப்பியக் கதையொன்றின் தழுவல். ஈழத்து நாவல் வரலாற்றிலேயே அதற்கு இடமுண்டு. மூல ஆசிரியரின் பெயரை மறைத்த நூல்களையும் தழுவல் என்று மரியாதையாகச் சொல்வது நம்மிடையே உண்டு. அவற்றை நான் எந்தத் தட்டில் வைக்கிறேன் என்பதை விட்டுவிடலாம்.

புதிதாகத் தொடங்குகிறேன், பெரிய பணமில்லை. எதைச் சேர்ப்பது?

இரண்டு வழிகளைச் சொல்வேன். ஒன்று, ஈழத்து மொழிபெயர்ப்பாளர்கள். கே. கணேஷ் 1947இல் தமிழாக்கிய முல்க் ராஜ் ஆனந்தின் ‘தீண்டாதான்’, எம். ஏ. நுஃமானின் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ (1981), மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’வை ம. மு. உவைஸ் ‘கிராமப் பிறழ்வு’ என்று தந்தது ஆகியவற்றின் முதற்பதிப்புகள் இன்னும் பழைய வீடுகளில் தட்டுப்படுகின்றன. சிங்களத்திலிருந்து வந்த நூல்களை யாழ்ப்பாணத்தில் எவரும் தேடிச் சேர்க்காததால் அவற்றை மலிவாகவே வாங்கலாம்.

மற்றது, நம்மவர் எழுத்து வேறு மொழிக்குப் போனது. அல்லைப்பிட்டி ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2008இல் ஆங்கிலத்தில் வந்தது. சேரனின் கவிதைகள் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமும் சாஷா எபெலிங்கும் மொழிபெயர்த்து 2012இல் ஒரு தொகுப்பாகவும், ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்த்து 2013இல் இங்கிலாந்தில் இருமொழித் தொகுப்பாகவும் வந்தன. ஹோம்ஸ்ட்ரோம் 2016இல் காலமானார். அவருடைய கையொப்பமுள்ள பிரதிகள் இனிக் கூடப்போவதில்லை. சேரனுடைய கையொப்பத்தை அடுத்த நிகழ்விலும் வாங்கலாம். எதை முதலில் தேட வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும். நேரில் வாங்கும்போது திகதியும் இடமும் எழுதித் தரும்படி கேளுங்கள், மறுப்பவர் அரிது. “இது என் புத்தகமில்லையே, நான் மொழிபெயர்த்தவன் மட்டுந்தானே” என்று கூச்சப்படும் மொழிபெயர்ப்பாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். அப்படியானால் தலைப்புப் பக்கத்தில் தம் பெயர் அச்சான இடத்துக்குக் கீழே ஒப்பமிடும்படி கேட்பேன்; அங்கே மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைப்பதில்லை.

பிள்ளைகள் கனடாவில். தமிழ் வாசிக்க மாட்டார்கள். எனக்குப் பிறகு இவற்றை என்ன செய்வது?

கையெழுத்தை அடையாளம் காணக்கூடியவர் நீங்கள் ஒருவரே என்றால், அதை இப்போதே எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சிறு தாள்: யாருடைய கையொப்பம், எப்போது, எவரிடமிருந்து கிடைத்தது, என்ன விலை. நூலின் மேல் எழுத வேண்டுமானால் பென்சிலால், பின் மட்டையின் உட்புறத்தில் மட்டும். பிள்ளைகளுக்கு விளங்கும் மொழியில் ஒரு பட்டியலும் வேண்டும். அலுமாரியைத் திறப்பவர் அவர்கள்தான்.

நூலகத்துக்குக் கொடுப்பதானால் முன்னரே பேசி, ஒன்றாக வைத்திருப்பார்களா, இரவல் பகுதியில் கலந்துவிடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கலந்துவிடுவார்கள் என்றால் கையொப்பமுள்ள பத்து நூல்களையாவது வேறாகப் பிரித்து, அந்தப் பட்டியலின் தலைப்பில் அவற்றை வைக்குமாறு நீங்கள் விரும்பும் இடத்தின் பெயரை எழுதுங்கள். என்னுடைய பட்டியல் இப்போது 63ஆம் இலக்கத்தில் நிற்கிறது, அலுமாரியில் இன்னும் இரண்டு தட்டுகள் இருக்கின்றன.